பூ நிறையப் பூத்தது, காய் எங்கே?

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே பார்த்தால் மலை சுவர் போல நிற்கும். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. கீழே வெயில், மேலே மேகம். அதைத் தாண்டினால் கேரளத்து ஏலத்தோட்டங்கள்.

விடிந்தும் விடியாத நேரத்தில் இந்தப் பாதையில் ஜீப்புகள் ஏறுகின்றன. தோட்ட வேலைக்குப் போகும் ஆண்களும் பெண்களும் அவற்றில் இருக்கிறார்கள்.

அதே நேரத்தில் வீட்டுக் கொல்லையில் பூசணிப் பூ விரிகிறது! வெயில் ஏறியதும் அது கூம்பிவிடும். அதற்குள் மகரந்தம் சேர்ந்தால் காய். சேராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்து போகும்.

"பூ நிறையப் பூக்கிறது, காய் நிற்கவில்லையே!" என்று பலரும் வருந்துவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஏன் சின்னப் பூசணி?

பெரிய பூசணி ஏழு, எட்டு கிலோ இருக்கும். நாலு பேர் உள்ள வீட்டில் அதை அறுத்தால் பாதி வீணாகும். சின்னக் காய் என்றால் ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 'கோ-2' ரகம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை காய்க்கும். பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் 'அர்க்கா சூர்யமுகி' இன்னும் சிறியது. சுமார் ஒரு கிலோதான். உருண்டையாக, மேலும் கீழும் தட்டையாக இருக்கும்.

நடுவது எப்படி?

கீழே போடிப் பக்கம் ஆடியிலும், மார்கழி - தையிலும் விதைக்கலாம். மேலே மூடுபனி விலகி வெயில் வரும் காலமே நல்லது. நாள் முழுவதும் வெயில் படும் இடமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம், ஒரு முழ ஆழத்தில் குழி வெட்டுங்கள். குழிக்குக் குழி 2 மீட்டர் இடைவெளி விடுங்கள். மக்கிய தொழு உரத்தை மண்ணோடு கலந்து நிரப்புங்கள். ஒரு அங்குல ஆழத்தில் நாலைந்து விதை போடுங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும். நல்ல கன்றுகள் இரண்டை விட்டு மற்றவற்றைக் களைந்துவிடுங்கள். தண்ணீரை வேரில் ஊற்றுங்கள். இலையை நனைக்க வேண்டாம்.

ஆண் பூ, பெண் பூ

பூசணிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருவது ஆண் பூ. அதன் காம்பு நீளமாக, மெலிந்து இருக்கும். பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு ஒன்று இருக்கும்.

மார்கழிக் கோலத்தில் சாண உருண்டை மேல் வைக்க ஆண் பூவைப் பறிக்கலாம். நட்டமில்லை. ஆனால் சிலவற்றைக் கொடியிலேயே விட வேண்டும்.

தேனீ வராத கொல்லையில் மனிதர் கையே தேனீ! காலை எட்டு மணிக்குள் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளி எறியுங்கள். நடுத்தண்டில் உள்ள மஞ்சள் தூளை, விரிந்த பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். ஒரு நிமிட வேலை. அம்மா ஜீப் ஏறிவிட்டால் பாட்டி செய்யலாம். பள்ளிக்குப் போகுமுன் பிள்ளைகளும் செய்யலாம்.

தேனீயைக் காப்பாற்றுங்கள்!

மலை மேல் உள்ள ஏலச்செடிக்கும் இதே கதைதான். ஏலப்பூ ஒரு நாள் பூ. மகரந்தத்தைப் பெரும்பாலும் தேனீயே கொண்டு சேர்க்கிறது. பூச்சி மருந்தைக் கண்டபடி அடித்தால் தேனீயும் சாகும்; விளைச்சலும் குறையும். மருந்து தவிர்க்க முடியாதது என்றால், தேனீ கூடு திரும்பிய பிறகு மாலையில் அடிப்பதே நல்லது. காலை வேளையில் கூடவே கூடாது.

எப்போது பறிப்பது?

'சூர்யமுகி' சுமார் 100 நாளிலும், 'கோ-2' சுமார் 135 நாளிலும் பலன் தந்து முடியும். காம்பு காய்ந்திருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தோலில் இறங்கக் கூடாது. இரண்டு அங்குலக் காம்போடு அறுங்கள். காற்றோட்டமான இடத்தில் வைத்தால் பல வாரம் கெடாது.

ஒரு எச்சரிக்கை! சமைக்குமுன் சிறு துண்டு ஒன்றை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு வயிற்றைக் கெடுக்கும். அதன் விதையையும் நட வேண்டாம்.

இரு பக்கத்துச் சமையல்

மலைக்கு அந்தப் பக்கம் இதற்கு மத்தங்காய் என்று பெயர். அங்கே எரிசேரி வைப்பார்கள். வேகவைத்த தட்டைப்பயறோடு பூசணித் துண்டுகளை வேகவிடுவார்கள். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்துச் சேர்ப்பார்கள். தேங்காய்த் துருவலைத் தேங்காய் எண்ணெயில் சிவக்க வறுத்து மேலே கொட்டுவார்கள். இந்தப் பக்கம் புளிக்குழம்பு. கொஞ்சம் வெல்லம் போட்டால் தனி ருசி! காயின் மஞ்சள் சத்து உடம்பில் வைட்டமின் 'ஏ' ஆக மாறும். கண்ணுக்கு நல்லது.

பண்டிகை நாளில் பூசணியை வேகவைத்து மசித்து, வெல்லப்பாகும் தேங்காய்ப் பாலும் சேர்த்துப் பாயசம் வைக்கலாம். இறக்கும்போது இரண்டு ஏலக்காய் தட்டிப் போடுங்கள். கொல்லையில் காய்த்ததும் மலையில் காய்த்ததும் ஒரே பானையில் சேரும். இரண்டும் தேனீ தந்த வரமே!