பச்சை வயரைக் கழற்றாதீர்கள்

மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலைக்கு உகந்த ஈரம் மின்சார அடுப்புக்கு ஆகாது. பழைய கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு, ஓவனோடு சேர்ந்த மின்னடுப்பை மாட்டும் வீடுகளில் இது முதல் நாளே தெரிந்துவிடலாம். சுவிட்சைப் போட்டதும் வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும்.

பல நேரம் கோளாறு சூடேற்றும் குழாய்க்குள் இருக்கிறது. உலோகக் குழாயின் நடுவே சுருள் கம்பி. இரண்டும் தொட்டுக்கொள்ளாமலிருக்க இடையில் மெக்னீசியம் ஆக்சைடு தூள். இந்தத் தூள் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த அடுப்பென்றால் ரிங்லெட், பிரிஞ்சாங் போன்ற மலையூர்களின் பனிமூட்டம் உள்ளே போயிருக்கும். ஈரத்தூள் வழியே கரண்ட் அடுப்பின் உடலுக்குக் கசிந்து, பச்சை நிற எர்த் வயரில் இறங்குகிறது. போன கரண்டும் திரும்பிய கரண்டும் சமமில்லை என்று கண்டதும், கசிவைக் கவனித்துக் கரண்டை நிறுத்தும் இ.எல்.சி.பி. விழுகிறது.

“அந்தப் பச்சை வயரைக் கழற்றிவிடு, சரியாகிவிடும்” என்று சொல்ல அக்கம்பக்கத்தில் யாராவது இருப்பார். அவர் சொன்னபடியே டிரிப் ஆவது நின்றும் விடும். ஆபத்தே அதில்தான். கசிவு அப்படியே இருக்கும், இறங்க வழிதான் இருக்காது. வீட்டு இ.எல்.சி.பி. பெரும்பாலும் 100 மில்லி ஆம்பியருக்கு விழுவது. 30 மில்லி ஆம்பியரே நெஞ்சைக் கடந்தால் உயிரைப் பறிக்கலாம். எர்த் இருந்தால் யாரும் தொடுமுன்பே கரண்ட் நிற்கும். இல்லாவிட்டால், ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர்தான் எர்த்.

சரி, எர்த் இருந்தால் இ.எல்.சி.பி. எதற்கு? மலேசிய வீடுகள் பலவற்றில் வீட்டோரம் மண்ணில் அடித்த கம்பிதான் எர்த். அதுவும் டிரான்ஸ்பார்மர் பக்க எர்த்தும் சேர்ந்து 20 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் முழுதாக அடுப்பின் உடலில் பட்டாலும் ஓடுவது 11.5 ஆம்பியர்தான். அளவுமீறிய கரண்டுக்கு மட்டுமே விழும், அடுப்புக்கான 32 ஆம்பியர் எம்.சி.பி. அதைச் சட்டை செய்யாது; அடுப்பு மின்னேறியபடியே நிற்கும். எர்த், இ.எல்.சி.பி. இரண்டும் வேண்டும்.

அடுப்புக்குப் போகும் லைனையும் பார்க்க வேண்டும். 13 ஆம்பியர் பிளக் ஏறக்குறைய 3,000 வாட்வரைதான் தாங்கும். அதைத் தாண்டும் அடுப்புக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் போட வேண்டும். பழைய கேஸ் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் அது இருக்காது.

டிரிப் ஆகும் அடுப்பைப் பதிவு பெற்ற வயர்மேன் மின்காப்பை அளக்கும் மெக்கர் கருவி வைத்துச் சோதிப்பார். ஈரம் மட்டுமே என்றால் குழாயை உலர்த்தினால் கசிவு நிற்கும். உலர்ந்த பிறகும் கசிந்தால் குழாயையே மாற்ற வேண்டும்.