கடன்பட்ட விவசாயிக்கு இலவச ஆலோசனை: எங்கே, எப்படிப் பெறுவது?

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிப் பகுதியில் மேட்டூர் வாய்க்காலும் காவிரிக் கரையும் நீங்கலாக, மற்ற இடமெல்லாம் கிணற்றை நம்பிய நிலம்தான். கிணறு வற்றினால் போர் போட வேண்டும். போர் வண்டிகளுக்கு நாடெங்கும் பெயர் பெற்ற திருச்செங்கோடு பக்கத்திலேயே இருக்கிறது. வண்டி வருவதற்குத் தாமதம் இல்லை. தண்ணீர் வருமா என்பதுதான் கேள்வி. புகை மட்டும் கிளம்பி வண்டி திரும்பிப் போன பிறகும், அடிக்கணக்கில் பேசிய கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும். இப்பகுதியில் பல குடும்பங்களின் கடன் இப்படித்தான் தொடங்குகிறது.

குச்சிக்கிழங்கு பத்து மாதம் நிலத்தில் நிற்கும் பயிர். மில்காரர் சொல்லும் விலை தெரிய அறுவடை வரை காத்திருக்க வேண்டும். 2020-ல் மரவள்ளி மாவுப்பூச்சி இம்மாவட்டங்களில் புகுந்தபோது மருந்துச் செலவும் சேர்ந்துகொண்டது. 2022-ல் அப்பூச்சியை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியை ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். ஆனால் மருந்துக்காக வாங்கிய கைமாற்றைத் தின்ன எந்தக் குளவியும் வராது. அதை விவசாயியேதான் தீர்க்க வேண்டும். அதற்கு வழி சொல்லவும், தேவையானால் கோர்ட்டில் வாதாடவும், பைசாச் செலவில்லாத உதவி இருக்கிறது. கடன் இருப்பது ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சத்தால் பலர் அந்தப் படியை மிதிப்பதே இல்லை. பத்திரம் கைமாறிய பிறகு போவதைவிட, வட்டி தவறும் முதல் மாதமே போவது நல்லது.

வட்டியைக் கணக்கிட்டுப் பாருங்கள்

சேந்தமங்கலம் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் 80,000 ரூபாய். பாங்கில் நகை வைத்து 1,20,000 ரூபாய், வட்டி நூற்றுக்கு 9 என்று வைத்துக்கொள்வோம். வெளியில் புரோநோட்டு எழுதி மூன்று பைசா வட்டிக்கு ஒரு லட்சம்.

சங்கக் கடனைத் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. நகைக் கடனுக்கு ஆண்டுக்கு 10,800 ரூபாய். புரோநோட்டுக்கோ மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000 ரூபாய். மூன்றில் சிறிதாகப் பேசப்படுவது மூன்று பைசா. பெரிதாகக் கடிப்பதும் அதுவே. “மூன்று பைசா” என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு 36 என்பதை எழுதிப் பார்த்தவர்கள் குறைவு.

தண்டல் கணக்கு இதைவிட மோசம். கையில் 8,500 கொடுத்து, தினம் 100 வீதம் நூறு நாளில் 10,000 வாங்குகிறார்கள். பார்வைக்கு 1,500 ரூபாய்தான் வட்டி. ஆனால் அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் அது நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடுகிறது.

பாங்கு நோட்டீசுக்குப் பயந்து, தண்டலில் வாங்கிப் பாங்குக்குக் கட்டுவது பலர் செய்யும் தவறு. ஆலோசகரிடம் போனால் அவர் முதலில் தடுப்பது இதைத்தான்.

முன்னோடி வங்கியின் ஆலோசனை மையம்

விவசாயிகளின் கடன் துயரத்தை ஆராய்ந்த ஜோல் குழு போன்ற பணிக்குழுக்கள், கடன் கொடுப்பது மட்டும் போதாது, ஆலோசனையும் தர வேண்டும் என்று கூறின. அதன்பேரில் 2007-ல் ரிசர்வ் வங்கி, மாநிலத்துக்கு ஒரு மாவட்டத்திலாவது சோதனையாக மையம் திறக்கும்படி பாங்குகளுக்குச் சொன்னது. 2009-ல் இதற்கென மாதிரித் திட்டம் வந்தது. 2012 முதல் இவை நிதிசார் கல்வி மையங்கள் என்ற பெயரில் மாவட்ட முன்னோடி வங்கிகளின் பொறுப்பில் நடக்கின்றன. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. அதன் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் அலுவலகத்தில் விசாரித்தால் மையம் எங்கே, எந்த நாளில் முகாம் என்று தெரியும். எந்தப் பாங்கில் கடன் இருந்தாலும் போகலாம். கணக்கே இல்லாதவரும் போகலாம். கட்டணம் கிடையாது.

அங்கே பணம் தரமாட்டார்கள், தள்ளுபடியும் செய்யமாட்டார்கள். வரவு செலவைப் பிரித்து எழுதி, எந்தக் கடனை முதலில் அடைப்பது, எதற்குத் தவணை கேட்பது என்று வழி காட்டுவார்கள்.

அவர்களிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. தனியாரிடம் கடன்பட்டுத் தவிக்கும் விவசாயிக்கு அதை அடைக்கக் கடன் தருவதையும் முன்னுரிமைக் கடனாக ரிசர்வ் வங்கி ஏற்றிருக்கிறது. மேலே சொன்ன புரோநோட்டுக் கடன் நூற்றுக்கு 9 வட்டியில் பாங்குக்கு மாறினால், ஆண்டுக்கு 27,000 ரூபாய் வட்டி மிச்சம். தருவதா இல்லையா என்பது பாங்கின் முடிவுதான். ஆனால் கேட்காதவருக்கு நிச்சயமாகக் கிடைக்காது. கிசான் கடன் அட்டையில் 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை பிணையம் தேவையில்லை என்பதையும் நினைவில் வைக்கவும்.

வக்கீல் கூலி இல்லாத வழக்கு

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்துவிட்டால் போக வேண்டிய இடம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. சேலம், நாமக்கல் நீதிமன்ற வளாகங்களில் இது இயங்குகிறது. தாலுகா கோர்ட்டுகளில் வட்டச் சட்டப் பணிகள் குழு உண்டு. போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

1987-ம் ஆண்டு சட்டத்தின்படி பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், வெள்ளம் வறட்சி போன்ற இடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் தரப்படும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. சிறு விவசாயிகளில் பலர் அந்த வரம்புக்குள் அடங்குவார்கள். மனைவியோ தாயாரோ நோட்டில் கையெழுத்திட்டு அவர் மீது வழக்கு வந்திருந்தால், அவர் பெண் என்ற ஒன்றே போதும்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசவும் கட்டணம் இல்லை. வழக்குக்கு ஏற்கெனவே கட்டிய கோர்ட்டுக் கட்டணம்கூடத் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. அங்கே எழுதும் தீர்வு கோர்ட்டுத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது. மரவள்ளிப் பணம் தை மாதம்தான் வரும் என்றால், ஐப்பசியில் கட்டுகிறேன் என்று முகத்தாட்சண்யத்துக்காக ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒரே தவணைத் தீர்வில் தொகை குறைவது நல்லதுதான். ஆனால் அது கடன் வரலாற்றில் பதிவாகி, அடுத்த கடனுக்குத் தடையாகலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டே கையெழுத்திட வேண்டும்.

நோட்டின் பின்பக்கம்

தொகை எழுதாத நோட்டில் கையெழுத்து, கடனுக்கு ஈடாகக் கிரய ஒப்பந்தம், பவர் பத்திரம். நிலம் கைவிட்டுப் போகும் பாதைகள் இவை. “ஒரு நம்பிக்கைக்காகத்தான்” என்று சொல்லி வாங்கும் கிரயப் பத்திரம், கோர்ட்டில் முதலில் கிரயமாகவே பார்க்கப்படும். கடனுக்காகத்தான் எழுதினேன் என்று நிரூபிக்கும் பாரம் எழுதிக் கொடுத்தவர் தலையில் விழும். ஆகவே அத்தகைய பத்திரம் எழுதுவதற்கு முதல் நாளே ஆலோசனை கேட்பது உத்தமம்.

கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு வழக்குப் போடும் காலம் எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டு. அதற்குள் ஒரு சிறு தொகையைக் கொடுத்து நோட்டின் பின்பக்கம் வரவு வைத்துக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு ஓடத் தொடங்கும். கொடுத்த கடனை ஏமாற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டாயிரம் கொடுத்த இடத்தில் இருநூறு என்று வரவு எழுதப்பட்டிருந்தால், பின்னால் கேட்க நாதி இல்லை. எழுதியதைப் படித்துப் பார்த்து, அல்லது படிக்கச் சொல்லிக் கேட்டு, தனி ரசீதும் வாங்க வேண்டும்.

தீர்ப்பாகிவிட்டால் எல்லாம் ஜப்தியாகிவிடும் என்பது வீண் பயம். உழவுக் கருவிகள், உழவு மாடு, விதை ஆகியவற்றில் பிழைப்புக்கு அவசியமென்று கோர்ட்டு கருதுபவையும், விவசாயி குடியிருக்கும் வீடும் சிவில் நடைமுறைச் சட்டம் 60-ம் பிரிவின்படி ஜப்திக்கு உட்படமாட்டா. வீட்டையே அடமானம் வைத்திருந்தால் இது பொருந்தாது. அதுபோல், கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுக்கப் பாங்குகளுக்கு அதிகாரம் தரும் 2002-ம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது.

1938-ல் நடந்தது

இப்பகுதிக்கு இது புதிய கதையல்ல. சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தி, 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபருக்கு முந்திய கடன்களில், 1937 அக்டோபர் 1-ல் நிலுவையிலிருந்த வட்டி முழுவதும் ரத்து. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. ஆனால் தீர்ப்பாகியிருந்த கடன் தானாகக் குறையவில்லை. கடன்பட்டவர் கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. சட்டம் தெரியாமல் வீட்டிலிருந்தவருக்குப் பழைய தீர்ப்பு பழையபடியே நின்றது. 2006-லும் 2021-லும் கூட்டுறவுக் கடன் தள்ளுபடியானபோது புரோநோட்டுக் கடன்காரருக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதும் தெரிந்ததே.

மிரட்டல் வந்தால்

கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி ஆகியவற்றை 2003-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கொடுக்க வேண்டிய பணத்தைக் கடன்பட்டவர் கோர்ட்டிலேயே கட்டிவிடவும் வழி இருக்கிறது. கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் தனிச் சட்டமும் வந்துள்ளது. போலீஸ் நிலையத்தில் மனுவை வாங்க மறுத்தால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து எண் பெற வேண்டும். 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பத்தில் நால்வர் தீக்கிரையானதை நாடு மறக்கவில்லை. மனம் கலங்கி நிற்பவர்கள் 104 அல்லது 14416 எண்ணில் எந்நேரமும் பேசலாம், அதற்கும் கட்டணமில்லை.

மைக்ரோ பைனான்ஸ் குழுக் கடனில் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு நெருக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ம் ஆண்டு விதி. பாங்கு அல்லது பைனான்ஸ் கம்பெனி மீதான புகாரை முதலில் அவர்களிடமே எழுத்தில் கொடுத்து, 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பலாம். விவரம் கேட்க 14448. தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் இதில் வரமாட்டா. அதற்குக் கூட்டுறவுத் துணைப்பதிவாளரை அணுக வேண்டும்.

எங்கே போனாலும் சிட்டா, அடங்கல், ஆதார், பாங்குப் புத்தகம், நகைக் கடன் சீட்டு, வந்த நோட்டீஸ்களின் நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்லவும். வாய்க்கடனையும் மறைக்காமல் சொல்லவும். மச்சினரிடம் வாங்கியதும் கடன்தான். கடனைக் குறைத்துத் தருகிறோம் என்று சொல்லி முன்பணமும் பட்டாவும் கேட்டு வருபவர்கள் இந்த அலுவலகங்களைச் சேர்ந்தவர்கள் அல்ல. அசல் பத்திரத்தை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை, ஜெராக்ஸ் போதும்.