புள்ளியியல் நிரல் கற்றல்

எண்ணும் எழுத்தும் வெவ்வேறு துறையின என்று கருதுவார் பலர். ஆயினும், எண்களை ஆளுதற்பொருட்டே எழுத்தால் அமைந்த மொழிகள் சில இக்காலத்தே எழுந்துள்ளன. அவற்றுள் சாஸ், ஆர் என்னும் இரண்டும் பெயர் பெற்றவை. முன்னது அமெரிக்க நாட்டு வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1966-ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சியில் விளைந்தது. பின்னது நியூசிலாந்து நாட்டு ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவரால் 1990-களின் தொடக்கத்தில் ஆக்கப்பட்டது. புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் சாஸ் பெருவழக்குடையது. அத்துறையிற் பணி நாடுவோர் பலர் சாஸ் நிறுவனம் நடத்தும் அடிப்படை நிரல் தேர்வில் சான்றிதழ் பெற முயல்கின்றனர்.

இம்மொழிக்கும் இலக்கணம் உண்டு. ஒவ்வொரு வாக்கியமும் அரைப்புள்ளியால் முடிதல் வேண்டும். தரவைப் படித்துச் செப்பஞ் செய்வது 'டேட்டா' பகுதி; செப்பமுற்ற தரவினின்று சராசரி, அட்டவணை முதலியன வருவிப்பது 'புராக்' பகுதி. இலக்கணம் வழுவின், கணினி தன் குறிப்பேட்டிற் பிழையென்று காட்டிவிடும். ஆதலின் சொல்வழு அத்துணை அஞ்சத்தக்கதன்று. இலக்கணம் வழுவாது பொருள் மட்டும் வழுவும் நிரலே அஞ்சத்தக்கது. அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

தமிழில் மெய்யெழுத்துப் புள்ளி பெறுதலை யாவரும் அறிவர். சாஸ் மொழியிலோ, எண் இருத்தற்குரிய இடத்தில் எண் இல்லையாயின் அவ்விடம் புள்ளி பெறும். நோயாளர் ஐவருள் நால்வர் வயது 12, 40, 16, 65 என்றும், ஒருவர் வயது குறிக்கப்பட்டிலது என்றும் கொள்வோம். 18 வயதிற்குக் குறைந்தோரை எண்ணுக என்று பணித்தால் சாஸ் மூவர் என்னும். வயது தெரிந்தோருள் அத்தகையோர் இருவரே. எவ்வெண்ணினும் புள்ளியே சிறிதென்பது அம்மொழியின் விதியாதலின், வயதறியாதவரும் சிறாரோடு சேர்க்கப்பட்டார். குறிப்பேட்டில் எச்சரிக்கை ஒன்றும் தோன்றாது. 'வயது விடுபடாதாயின்' என்னும் நிபந்தனையையும் சேர்த்தெழுதினாலன்றி இவ்வழு நீங்காது.

இதே வினாவிற்கு ஆர் மொழி கூறும் விடை வேறு. வயதறியாதவர் 18-க்குக் குறைந்தவரோ என்று வினவின், 'என்.ஏ.' என்று விடையிறுக்கும். அறிதற்கில்லை என்பது அதன் பொருள். அவரையுஞ் சேர்த்துச் சராசரி கேட்பினும் அவ்விடையே வரும். அறியப்படாததை நீக்குக என்று நாம் வெளிப்படப் பணித்த பின்னரே 33.25 என்னும் சராசரி கிடைக்கும். சாஸ் மொழியின் சராசரிப் பகுதியோ அவரைத் தானே விலக்கி 33.25 எனத் தரும். ஒப்பிடுங்கால் சேர்ப்பதும் சராசரி காணுங்கால் விலக்குவதும் ஒரே மொழியின் விதிகளாதலைக் கற்போர் மறத்தலாகாது.

ஆகவே, விதிகளை நெட்டுருச் செய்தல் மட்டும் தேர்விற்குப் போதாது. நிரலைத் தாமே எழுதி, இயக்கி, பயனை நோக்கி விடையளிக்கும் பகுதியும் அத்தேர்வில் உண்டு. ஐந்து வரியளவான சிறு அட்டவணை ஒன்றை அமைத்து, அதில் ஓரிடத்தை வெற்றிடமாக விட்டு, விடையை முதலிற் கையாற் கணித்துக்கொண்டு, பின்னர்க் கணினியை வினவுதல் சிறந்த பயிற்சியாகும். இரண்டும் ஒவ்வாவிடத்து ஏன் என்று ஆராய்தலே கல்வி.

அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஒரு மனிதரைக் குறிப்பது. சிறார்க்கென ஆராய்ந்த மருந்தின் கணக்கில் முதியவர் ஒருவர் புகுந்தால், அதனால் வருந் தீங்கு நிரல் எழுதினாரைச் சாராது, மருந்துண்பாரையே சாரும். சான்றிதழ் நாடும் மாணவ நண்பர்கள் இதனை உளத்திருத்திப் பயில்வாராக.