பனிக்கடியில் போன திமிங்கிலங்கள்

1977 ஜூனில் சர்வதேசத் திமிங்கில ஆணையம், அலாஸ்காவின் வடகோடியில் வாழும் இனுபியாட் மக்கள் போஹெட் திமிங்கிலத்தை வேட்டையாடுவதற்குத் தடை போட்டது. கடலில் மிஞ்சியிருப்பவை மிகச் சிலவே என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. 19-ஆம் நூற்றாண்டில் அவற்றைக் கொன்று குவித்தவை வணிகக் கப்பல்கள். தடை விழுந்ததோ, பிடித்த இறைச்சியை ஊரோடு பங்கிட்டு உண்ணும் மக்கள் மேல்.

அவர்கள் அந்தக் கணக்கையே மறுத்தார்கள். வசந்தத்தில் கடற்பனி பிளந்து நீர்த்தடம் திறக்கும். ஆய்வாளர்கள் பனி விளிம்பில் உட்கார்ந்து, அதன் வழியே போகும் திமிங்கிலங்களை எண்ணுவார்கள். போஹெட் பனிக்கு அஞ்சும், திறந்த நீரில்தான் போகும் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். மூத்த வேட்டைக்காரர்கள் சொன்னது வேறு. அவை பனிக்கடியிலும் போகும், பனியைத் தலையால் முட்டி உடைத்து மூச்சுவிடும், கண்ணுக்கு எட்டாத தொலைவிலும் கடந்துபோகும்.

இதைக் காதில் வாங்கியவர் டாம் ஆல்பர்ட் என்ற கால்நடை மருத்துவர். ஹாரி பிரவர் என்ற வேட்டைத் தலைவரிடம் ஆண்டுக்கணக்கில் கேட்டுப் படித்தார். கேட்டதை மூடநம்பிக்கை என்று ஒதுக்காமல், சோதித்துப் பார்க்க வேண்டிய கேள்வியாக எடுத்துக்கொண்டதுதான் அவர் செய்த பெரிய காரியம். 1980-களில் நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவிகளான ஹைட்ரோபோன்கள் கடலுக்குள் இறங்கின. கண்ணில் படாத திமிங்கிலங்களின் குரல் பனிக்கடியிலிருந்து கேட்டது. மதிப்பீடு ஏறியது: 2001-இல் 10,000-க்கு மேல், 2011-இல் ஏறத்தாழ 16,900. இனம் பெருகியதும் இதில் உண்டு. ஆனால் பழைய கணக்கு பெரும்பகுதியைத் தவறவிட்டிருந்தது என்பதில் ஐயமில்லை.

இன்னொன்றும் மெய்யானது. போஹெட் இரண்டு மனித ஆயுள் வாழும் என்பார்கள் முதியவர்கள். பிடிபட்ட சில திமிங்கிலங்களின் உடலில் பழங்காலக் கல் ஈட்டிமுனைகள் கிடைத்தன. 1999-இல் வெளியான ஆய்வு ஒரு திமிங்கிலத்தின் வயதை 211 என்று மதிப்பிட்டது.

இந்தக் கதையில் பலரும் விட்டுவிடுவது பணத்தை. ஆய்வை நடத்தியது இனுபியாட் மக்களின் உள்ளாட்சியான நார்த் ஸ்லோப் பரோ. புரூடோ விரிகுடா எண்ணெய் வயல்களிலிருந்து வந்த வரிப்பணம் அதன் கையில் இருந்தது. எதை ஆராய வேண்டும், யாரை வேலைக்கு அமர்த்த வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்தது. 1977-லேயே வேட்டைத் தலைவர்கள் தமக்கென ஓர் ஆணையமும் அமைத்து, சர்வதேசக் கூட்டங்களில் நேரே வாதாடினார்கள். அந்த டிசம்பரில் கிடைத்த அனுமதி 12 திமிங்கிலங்கள். 2019 முதல் 2025 வரையிலான ஏழாண்டுகளுக்கு, ரஷ்யாவின் சுகோட்கா மக்களின் பங்கையும் சேர்த்து, 392.