வார்த்திகன் சிறைப்பட்ட காரணம்

சிலப்பதிகாரக் கட்டுரைகாதையில் வார்த்திகன் கதையை மாணாக்கர் விரைந்து கடந்துவிடுவர், நான் விடுவதில்லை. அவன் மகன் பரிசிலாகப் பெற்ற அணிகலன்களைக் கண்டு அழுக்காறுற்ற அரச ஏவலர், புதையலைக் கவர்ந்தானென்று தந்தையைச் சிறையிட்டனர். மனைவி கார்த்திகை புரண்டழுதாள். ஐயை கோயிற் கதவு அடைத்துக்கொண்டது. உண்மையறிந்த பாண்டியன் அவனை விடுவித்துத் திருத்தங்காலும் வயலூரும் ஈந்தான். புதையலாயினும் பெற்றவர்க்கே உரித்தென்று முரசறைவித்தான். சிலம்பு வழக்கில் தவறியவனும் அவனே!

இலங்கையின் 2025ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டம், குற்றத்தால் வந்த செல்வத்தை, குற்றவாளியெனத் தீர்ப்பு இல்லாதபோதும் நீதிமன்றின்வழி அரசுடைமையாக்க இடந்தருகின்றது. கொள்ளையர் செல்வத்தை விட்டுவிடுக என்பாரில்லை. ஆயினும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாட்டியின் கொடிக்குப் பற்றுச்சீட்டுக் காட்டவல்ல வீடுகள் எத்தனை? 1983 ஆடியில் வீடுகளோடு அவையும் எரிந்தனவே.