டேட்டாபேஸில் தமிழ்: ஏற்றும் முன் ஒரு நிமிடச் சோதனை

2017-ல் நான் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படித்துக் கொண்டிருந்தேன். என் பெரியப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அவர் வீட்டில் 2,140 புத்தகங்கள் இருந்தன. தெருப் பிள்ளைகள் எடுத்துப் போய்ப் படிப்பார்கள். அந்தப் பட்டியலைப் பக்கத்து நெட் சென்டரில் இரண்டு மாதம் உட்கார்ந்து எக்செலில் டைப் செய்து, பென் டிரைவில் கொண்டு வந்து கொடுத்தார். "பேரைத் தட்டினா எந்த அலமாரின்னு சொல்லணும்டா" என்றார்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றை சர்வராக்கி, உபுண்டு 14.04 போட்டு, மைஎஸ்க்யூஎல் 5.5 இன்ஸ்டால் செய்தேன். இதற்கு ஒரே கட்டளைதான், ஐந்து நிமிட வேலை. டேபிள் உருவாக்கி, ஒரு சின்ன பைத்தான் புரோகிராம் மூலம் பட்டியலை ஏற்றினேன். திரையில் வார்னிங் செய்திகள் வரிசையாக ஓடின. எரர் இல்லை, வார்னிங்தானே என்று விட்டுவிட்டேன். எண்ணிப் பார்த்தால் 2,140 வரிசைகள் சரியாக இருந்தன. அன்று இரவே நண்பனுக்காக அந்தப் பென் டிரைவை ஃபார்மேட் செய்து, லினக்ஸ் பூட் டிரைவ் ஆக்கிவிட்டேன்.

மறுநாள் டேபிளைத் திறந்தால் விலை இருந்தது, அலமாரி எண் இருந்தது. புத்தகத்தின் பெயரும் ஆசிரியர் பெயரும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டும் எக்செல் ஃபைல் கிடைக்கவில்லை.

காரணம் இதுதான். மைஎஸ்க்யூஎல்லின் பழைய பதிப்புகளில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் டேபிள் 'லேட்டின்1' என்ற எழுத்துத் தொகுப்பில் உருவாகும். அதில் மொத்தம் 256 இடங்கள்; தமிழுக்கு ஒன்றுகூடக் கிடையாது. இடம் இல்லாத ஒவ்வொரு குறியீட்டுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியைப் போட்டு, வார்னிங் கொடுத்துவிட்டு, வேலையைத் தொடர்ந்துவிடும். எண்களும் இடைவெளிகளும் தப்பித்ததற்குக் காரணம், அவை லேட்டின்1-ல் இருப்பதுதான். 'பொன்னியின் செல்வன்' என்பது பத்து கேள்விக்குறி, ஓர் இடைவெளி, ஏழு கேள்விக்குறி ஆகியிருந்தது. அதைப் பெரியப்பா ஊகித்துவிட்டார். மற்றவற்றை ஊகிக்க முடியுமா?

2018-ல் வெளிவந்த மைஎஸ்க்யூஎல் 8.0 முதல் 'யுடிஎஃப்8எம்பி4' என்ற தொகுப்பே டீஃபால்ட். ஆனால் இதை நம்பி இருந்துவிடாதீர்கள். பழைய சர்வரில் எடுத்த பேக்கப்பில் டேபிளின் எழுத்துத் தொகுப்பும் எழுதப்பட்டிருக்கும். புதிய சர்வரில் அதை ஏற்றினால் லேட்டின்1 கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். வெறும் 'யுடிஎஃப்8' என்று கொடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் அந்தப் பெயர் மூன்று பைட் வரை மட்டும் கொள்ளும் வடிவத்தைக் குறித்து வந்தது. வழக்கமான தமிழ் எழுத்துக்கு அது போதும். ஸ்மைலி படங்களுக்கும், 2019-ல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி போன்ற தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் நான்கு பைட் வேண்டும்.

எனவே டேட்டாபேஸ் உருவாக்கும்போதே யுடிஎஃப்8எம்பி4 என்று நீங்களே எழுதிவிடுங்கள். உங்கள் புரோகிராமின் கனெக்ஷனிலும் அதையே கொடுங்கள். பிறகு 'தமிழ்' என்ற ஒரே ஒரு சொல்லை டேபிளில் சேமியுங்கள். கேரக்டர் லெங்த் ஃபங்ஷன் 5 என்றும், லெங்த் ஃபங்ஷன் 15 என்றும் காட்ட வேண்டும். கண்ணுக்கு மூன்று எழுத்துதானே என்று கேட்கலாம். 'மி'யின் மேல்விலங்கும் 'ழ்'-ன் புள்ளியும் யூனிகோடில் தனித்தனிக் குறியீடுகள். ஒவ்வொன்றும் மூன்று பைட். இரண்டுமே 5 என்று வந்தால் உள்ளே இருப்பது கேள்விக்குறிகள். அதை மீட்க வழியில்லை. இரண்டும் 15 என்று வந்தால் பைட்கள் பத்திரமாக இருக்கின்றன, பெயர்ப்பலகைதான் தவறு. பேக்கப் எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்தை முதலில் பைனரி வகைக்கும் பிறகு யுடிஎஃப்8எம்பி4-க்கும் மாற்றினால் தமிழ் திரும்பிவிடும். நேராக மாற்றினால் குழப்பம் நிரந்தரமாகிவிடும்.

மற்ற செட்டிங்குகள் அதிக நேரம் பிடிக்காது. இன்ஸ்டால் முடிந்ததும் செக்யூர் இன்ஸ்டலேஷன் கட்டளையை ஓட்டி, பெயரில்லாத யூசர்களையும் டெஸ்ட் டேட்டாபேஸையும் நீக்குங்கள். உங்கள் புரோகிராமுக்குத் தனி யூசர் உருவாக்குங்கள்; ரூட் வேண்டாம். புரோகிராமும் டேட்டாபேஸும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் பைண்ட் அட்ரஸ் 127.0.0.1 என்றே இருக்கட்டும். அதை மாற்றி 3306 போர்ட்டை ஊருக்கே திறந்துவிடச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பெரியப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "அலமாரி நம்பர் இருக்குல்ல, விடு" என்றார். ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து அவர் பெயர்களைப் படிக்க, நான் டைப் செய்தேன். விடுமுறை முழுவதும் அதற்கே சரியாக இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பேக்கப்பைப் பென் டிரைவில் எடுத்து வைக்கிறார். அந்தப் பென் டிரைவை மட்டும் என் கையில் கொடுப்பதில்லை.