ஆஸ்பத்திரியா, புத்தகசாலையா?

"கதையும் பாட்டும் படமும் எதற்கு? அவற்றால் பசி தீருமா, நோய் தீருமா?" என்று கேட்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. சென்னையில் ஒரு முறை இந்தக் கேள்வி பேச்சோடு நிற்கவில்லை. கோர்ட்டுப் படியும் ஏறியது. அதைக் கிளப்பிய இடம் கோட்டூர்புரம்.

எட்டு ஏக்கர் மாளிகை

வீட்டுக்கொரு புத்தகசாலை வேண்டும் என்று வானொலியில் பேசியவர் அறிஞர் அண்ணா. அவர் பெயரால் கோட்டூர்புரத்தில் எட்டு ஏக்கர் நிலத்தில் எழுந்தது அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15-ந் தேதி அன்றைய முதல்-அமைச்சர் மு. கருணாநிதி அதைத் திறந்து வைத்தார். 12 லட்சம் புத்தகங்கள் வைக்கத்தக்க கட்டிடம். கண் தெரியாதவர்கள் விரலால் தடவிப் படிக்கப் பிரெய்லி பிரிவு, சிறுவர்களுக்கென்று தனிப் பகுதி, சொந்தப் புத்தகத்தைக் கொண்டு வந்து படிப்பவர்களுக்கும் ஓர் இடம் என்று எல்லாம் அங்கே உண்டு.

ஆட்சி மாறியது. 2011 நவம்பரில், அந்தக் கட்டிடத்தைக் குழந்தைகள் ஆஸ்பத்திரியாக மாற்றப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. நூலகம் நுங்கம்பாக்கத்துக்குப் போகும் என்றார்கள். எழுத்தாளர்களும் வாசகர்களும் எதிர்த்தனர். வழக்குத் தொடரப்பட்டது. சில நாட்களிலேயே ஐகோர்ட்டு தடை விதித்தது. நூலகம் அங்கேயே நிலைத்தது.

வழக்கு முடிந்தாலும் கேள்வி முடியவில்லை. நோயாளிக் குழந்தை ஒரு பக்கம், கதைப் புத்தகம் ஒரு பக்கம் என்று தராசில் வைத்தால், எந்த மனிதன் புத்தகத்தின் பக்கம் நிற்பான்?

பானையில் ஒரு பெண்

தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூருக்குப் போவோம். இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பழங்கால இடுகாடு அது. 2004-ல் தொடங்கிய அகழாய்வில் அங்கே ஒரு பானைத் துண்டு கிடைத்தது. அதில் ஒரு பெண், ஒரு மான், ஒரு கொக்கு, நெற்கதிர் ஆகிய உருவங்கள்! இவை இல்லாவிட்டாலும் பானையில் தண்ணீர் நிற்கும். ஆனாலும் அந்தக் குயவரின் கை சும்மா இருக்கவில்லை. சாவின் பக்கத்திலும் அழகு ஒன்றை வைக்கத் தோன்றியிருக்கிறது.

நம் வீட்டு வாசலைப் பாருங்கள். காலையில் போட்ட கோலம் மாலைக்குள் காலடியில் அழிந்து விடும். அது அழியும் என்று தெரிந்தும், மறுநாள் மீண்டும் புள்ளி வைக்கிறாள் வீட்டுக்காரி. இதில் லாபம் என்ன? 'இது என் வாசல், இது என் நாள்' என்ற நிறைவுதான். அந்த நிறைவு இல்லாத வீடு வெறும் சத்திரம்.

கதையும் அப்படித்தான். நாம் காணாத ஒருவனின் துன்பத்துக்காக நம்மைக் கண் கலங்க வைப்பது கதை. பிறர் வலியை உணரத் தெரியாத ஊரில் ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்ற எண்ணம் யாருக்குத்தான் வரும்?

இரண்டும் வேண்டும்

காய்ச்சலில் கிடக்கும் குழந்தை, ஊசி போட்டு டாக்டர் போன பிறகு அம்மாவிடம் என்ன கேட்கிறது? "ஒரு கதை சொல்லம்மா!" மருந்து வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை. மருந்து மட்டும் போதாது என்றுதான் அர்த்தம்.

2023 ஜூனில் கிண்டியில் பெரிய அரசு ஆஸ்பத்திரி ஒன்று திறக்கப்பட்டது. கோட்டூர்புரம் நூலகமும் இருக்கிறது. ஒன்றை இடித்துத்தான் மற்றொன்று என்ற நிலை வரவில்லை. இரண்டுக்கும் இந்த ஊரில் இடம் இருந்தது.

வீட்டில் குழந்தை இருந்தால், ஒரு கதை சொல்லுங்கள்!